ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ்: பத்தாண்டு வாசிப்புக்குப் பிறகு

பத்தாண்டுகளுக்கும் மேலாகத் திங்கட்கிழமைதோறும் நான் தவறாமல் படித்துவரும் இணைய இதழ் ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ். அறிவியல் புனைவுக்கும், மாயமும் மந்திரமும் கலந்த மிகுபுனைவுக்குமாக 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய இந்த ஆங்கில வார இதழை நிறுவியவர் மேரி ஆன் மோகன்ராஜ். கொழும்பில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே அமெரிக்காவுக்குச் சென்றவர் அவர். இதை நான் அறிந்தது படிக்கத் தொடங்கி வெகுநாள் கழித்துத்தான். அன்று ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

கதைகளுக்காகத்தான் உள்ளே போனேன். என்னைப் பிடித்து நிறுத்தியவை மதிப்புரைகள். கதைச்சுருக்கத்தைச் சொல்லிவிட்டு, நன்று அல்லது நன்றன்று என்று முடித்துக்கொள்ளும் எழுத்து அல்ல அது. வேற்றுக்கோளில் மனிதர்கள் குடியேறும் நாவல் என்றால், அந்த நிலம் அதுவரை யாருடையதாக இருந்தது, விண்கலத்தில் சமைப்பவரும் துப்புரவு செய்பவரும் கதாசிரியரின் கண்ணில் பட்டார்களா என்றெல்லாம் கேட்கத் தூண்டும் வாசிப்பு அது. அதில் பழகிய பிறகு, சிறுவயதில் நான் கொண்டாடிய விண்வெளிக் கதைகளை மறுபடி எடுத்துப் படித்தபோது, அவற்றில் பெண்கள் பேசும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிட முடிந்தது. கற்பனை உலகத்திலும் நம் சமூகத்தின் ஏற்பாடுகள் அப்படியே குடியேறிவிடுகின்றன என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தவை அந்த மதிப்புரைகளே. கொழும்பைச் சேர்ந்த எழுத்தாளர் வஜ்ர சந்திரசேகர, இந்திய அரசமைப்புச் சட்ட வல்லுநரும் நாவலாசிரியருமான கௌதம் பாட்டியா போன்றோர் அதன் ஆசிரியர் குழுவில் பணியாற்றியிருப்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

எழுத விரும்புவோருக்கு அங்கே இன்னொரு பாடமும் இருக்கிறது. தங்களுக்கு அடிக்கடி வந்து சேரும் கதைக்கருக்களை ஆசிரியர்கள் எண்ணிட்டுப் பட்டியலாக வெளியிட்டிருக்கிறார்கள். நான் ஒரு மாதமாக எழுதிக்கொண்டிருந்த கதையின் முடிவில், நாயகன் வாழும் நகரமே கணினி உருவாக்கிய மாயத் தோற்றம் என்று தெரியவரும். அந்தத் திருப்பம் பட்டியலில் முன்பே இடம்பெற்றிருந்தது. அன்றிரவே கடைசி நான்கு பக்கங்களை நீக்கினேன். நகரம் உண்மையானதாகவே இருக்கட்டும் என்று விட்டபோதுதான் கதைமாந்தர்கள் ஒருவரோடொருவர் பேசத் தொடங்கினார்கள்.

மொழிபெயர்ப்புக்கென 2017இல் தொடங்கிய சமோவார் என்னும் துணை இதழ், ஆங்கில வடிவத்தோடு மூலத்தையும் சேர்த்தே வெளியிடுகிறது. எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாத மொழியாக இருந்தாலும், மூலத்தின் பத்திகள் எவ்வளவு நீளம், உரையாடல் எங்கே வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மொழிபெயர்ப்புக்குப் போவேன். தமிழிலிருந்து பிறமொழிகளுக்குப் போகும் படைப்புகளையும் இப்படி இரண்டு வடிவங்களாகவே தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கவிதைகள் மட்டும் எனக்கு இன்றுவரை நெருக்கமாகவில்லை.

சந்தா எதுவும் கிடையாது. 2000 முதலான பழைய இதழ்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. வாசகர்களின் நன்கொடையைக் கொண்டு, தன்னார்வலர்களின் உழைப்பில் நடக்கும் இந்த இதழ், எழுத்தாளர்களுக்கு முறையாக ஊதியம் தருகிறது. அறிவியல் புனைவு, மிகுபுனைவுத் துறையின் புகழ்பெற்ற ஹியூகோ விருதையும் 2024இல் பெற்றது. ஆண்டுக்கொருமுறை என்னால் இயன்ற சிறு தொகையை அனுப்பிவருகிறேன்.

புதிதாகப் படிக்க வருபவர்கள் கதைகளில் தொடங்க வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே படித்து ரசித்த அறிவியல் புனைவு நாவல் ஒன்றின் பெயரைக் கொண்டு பழைய மதிப்புரைகளில் தேடுங்கள். கிடைத்தால், நாவலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.