ஜென்டூவில் ஏழு ஆண்டுகள்: பைனரியா, மூலநிரலா?

மதுரை திருநகரில் வீட்டிலிருந்தே பக்க வடிவமைப்புப் பணி செய்யும் நான், நான்கு கோர், 8 ஜிபி ரேம் கொண்ட மடிக்கணினியில் 2018 முதல் ஜென்டூ லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்தி வருகிறேன். தொடக்கத்தில் எல்லாப் பொதிகளையும் (மென்பொருள் தொகுப்புகளையும்) மூலநிரலிலிருந்தே கம்பைல் செய்தேன்; அதாவது, மனிதர் எழுதிய நிரலைக் கணினி நேரடியாக இயக்கும் பைனரியாக என் கணினியிலேயே மாற்றினேன்.

செயலிகளுக்குள் வலைப்பக்கங்களைக் காட்டும் கியூட்டி வெப்எஞ்சின் போன்ற பெரிய பொதிகளில், ஒரே நேரத்தில் ஓடும் ஒவ்வொரு கம்பைல் வேலைக்கும் ஏறத்தாழ 2 ஜிபி ரேம் தேவைப்படுவதால், நான்கு கோர் இருந்தும் இரண்டை மட்டுமே பயன்படுத்த முடிந்தது. கத்திரி வெயிலில் சூடேறிய பிராசசர் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் பேட்டரியும் தீர்ந்துவிட்டால், பாதியில் நின்ற பொதியை, ஜென்டூவின் பொதி மேலாளரான போர்டேஜ் மீண்டும் முதலிலிருந்தே கட்டத் தொடங்கும். இத்தனைக்கும் பிறகு, என் பிராசசருக்கு ஏற்பவே கட்டியும், என் அன்றாட வேலையில் வேக வேறுபாடு எதையும் நான் உணரவில்லை. வீடியோக்களைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் போன்ற மென்பொருள்கள் ஓடும்போதே பிராசசரின் திறனைக் கண்டறிந்து பயன்படுத்திக்கொள்வதால், அங்கும் பெரிய ஆதாயம் இல்லை.

2023 டிசம்பர் 29 அன்று ஜென்டூ, கட்டிமுடித்த பைனரி பொதிகளைப் பரவலாக வழங்கத் தொடங்கியது. பைனரி களஞ்சியத்தின் முகவரியைக் குறித்துவிட்டு, போர்டேஜின் அமைப்புக் கோப்பான மேக்.கான்ஃபில் ஒரு சொல்லைச் சேர்த்ததும் அவை வரத் தொடங்கின. ஆனால் ஒரு பொதியில் எந்த வசதி வேண்டும், எது வேண்டாம் என்று குறிக்கும் என் யூஸ் கொடிகளோடு பொருந்தாதவற்றை மட்டும் போர்டேஜ் பழையபடி கம்பைல் செய்தது. கொடிகளின் பட்டியலை உட்கார்ந்து படித்தபோது, பலவற்றுக்கு எனக்கே காரணம் தெரியவில்லை. அவற்றை நீக்க நீக்க, பொருந்தும் பைனரிகள் பெருகின. அலைபேசி ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கும் எனக்கு இன்னொரு நன்மையும் கிடைத்தது: பயர்பாக்ஸின் மூலநிரல் அதன் பைனரியைவிடப் பலமடங்கு பெரியது.

ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழ் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தெரிவதற்காக, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் செயலி ஒன்றுக்கு நான் ஒரு பேட்ச் (மூலநிரலில் செய்யும் சிறு திருத்தம்) வைத்திருந்தேன். போர்டேஜின் பேட்ச் அடைவில் உள்ளவை கம்பைல் செய்யும்போது மட்டுமே சேர்க்கப்படும் என்பதால், அடுத்த புதுப்பிப்பில் பைனரி வந்ததும் அந்தத் திருத்தம் போய்விட்டது. போர்டேஜ் எச்சரிக்கவும் இல்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. அத்தகைய பொதிகளைப் பைனரியிலிருந்து விலக்கும் பட்டியலில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

புதிதாக நிறுவுவோருக்குப் பைனரியே இயல்பிருப்பாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. என் கணினியில் இன்று மூலநிரலிலிருந்து கட்டப்படுபவை இயங்குதளத்தின் கருவான கெர்னலும், அந்த டெர்மினலும், கொடி மாற்றிய ஆறேழு பொதிகளும்தான். ஒவ்வொன்றுக்கும் உரிய காரணத்தை அமைப்புக் கோப்பில் அதனதன் வரிக்கு மேலேயே குறித்து வைத்திருக்கிறேன்.