டெசராக்டில் தமிழை நிறுவ எந்த வழி நல்லது?

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மேசைமேல் மூன்று பிஸ்கட் டின்கள். உள்ளே தமிழ் நேசன் நறுக்குகள். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன அந்த நாளிதழில் தம் மாணவர்கள் எழுதியதையெல்லாம் வெட்டி வைத்திருக்கிறார். அவற்றை ஸ்கேன் செய்து, தேடிப் பார்க்கக்கூடிய எழுத்தாக மாற்ற வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காக, படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தரும் டெசராக்ட் மென்பொருளைத் தாமே நிறுவியும் பார்த்துவிட்டார்.

"தம்பி, அதுல சொன்னதெல்லாம் செஞ்சேன். தமிழைக் கொடுத்தா இங்கிலீஷ் எழுத்தால்ல வருது" என்றார். திரையில் ஒரு கவிதை, ஆங்கில எழுத்தும் எண்ணும் அடைப்புக்குறியுமாகச் சிதறிக் கிடந்தது.

அவர் எதையும் தவறாகச் செய்யவில்லை. எங்கிருந்தோ அச்செடுத்து வைத்திருந்த வழிகாட்டியில் மொழியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. டெசராக்ட் 1980களில் எச்பி நிறுவனத்தில் உருவாகி, 2005இல் திறந்த மூலமாக வெளிவந்தது. இன்று நூறு மொழிகளுக்கு மேல் படிக்கும். ஆனால் ஒவ்வொரு மொழிக்கும் தரவுக்கோப்பு தனி. மொழியைச் சொல்லாவிட்டால் ஆங்கிலம் என்று எடுத்துக்கொள்ளும். வழிகாட்டி எழுதுகிறவர் ஆங்கிலப் பக்கத்தை வைத்துத்தான் சோதிப்பார். அவருக்கு முதல் தடவையே சரியாக வந்துவிடும். விடுபட்ட வரி அவர் கண்ணில் படவே படாது. படுவது நமக்குத்தான்.

ஆகவே எந்த வழி வேகமானது, எது புதியது என்பதெல்லாம் எனக்கு அப்புறம். தமிழைத் தனியாகச் சேர்க்க வேண்டும் என்பதை எந்த வழி, எந்த இடத்தில் சொல்கிறது என்று மட்டும் பார்க்கிறேன்.

ஆசிரியரிடம் இருந்தது வின்டோஸ். இதற்கு மான்ஹைம் பல்கலைக்கழக நூலகத்தார் தயாரித்துத் தரும் நிறுவியைத்தான் பெரும்பாலானவர்கள் பயன்படுத்துகிறார்கள். அதன் நடுவில் ஒரு திரையில் கூடுதல் மொழித் தரவு என்ற கிளை மடங்கி நிற்கும். அதைத் திறந்து, நீண்ட பட்டியலில் தமிழைத் தேடி டிக் செய்ய வேண்டும். அந்தக் கோப்பு அப்போதே இணையத்திலிருந்து இறங்கும். வசதி இருக்கிறது, நல்ல வசதிதான். ஆனால் "நெக்ஸ்ட் அழுத்திக்கொண்டே போங்கள்" என்று எழுதிய வழிகாட்டியை நம்பினால் அந்தத் திரை கண்ணெதிரே கடந்துபோய்விடும். அடுத்த சிக்கல் பாத், அதாவது கட்டளைகளைக் கணினி தேடிப் பார்க்கும் கோப்புறைகளின் பட்டியல். நிறுவி முடித்த பிறகும் கட்டளைச் சாளரத்தில் டெசராக்ட் என்று தட்டினால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று பதில் வரலாம். நிறுவிய கோப்புறையை பாத்தில் நாமே சேர்க்க வேண்டும். இந்த இரண்டு வரிகளும் இருந்திருந்தால் ஆசிரியருக்கு ஒரு வாரம் மிஞ்சியிருக்கும்.

உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். ஆப்ட் என்ற நிறுவும் கட்டளை வழியாக டெசராக்டை நிறுவினால் ஆங்கிலம் மட்டும் கூடவே வரும். தமிழுக்கு, பெயரின் கடைசியில் டி-ஏ-எம் என்று முடியும் இன்னொரு பொதியையும் கேட்க வேண்டும். மற்ற இடங்களில் தமிழுக்கு டி-ஏ என்ற ஈரெழுத்துக் குறியீட்டைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள். டெசராக்டுக்கு மூன்றெழுத்துதான்.

மேக்கில் மென்பொருள் நிறுவும் ஹோம்புரூ என்ற கருவி செய்வது எனக்கு ரொம்பப் பிடிக்கும். நிறுவி முடித்ததும், இதில் ஆங்கிலம் மாதிரி அடிப்படைத் தரவு மட்டுமே உள்ளது, பிற மொழிகள் வேண்டுமென்றால் இந்தக் கட்டளையைக் கொடுங்கள் என்று திரையிலேயே எழுதிக் காட்டும். யாரும் எந்தப் பக்கத்தையும் தேடிப் போக வேண்டாம். தேவைப்படும் நேரத்தில், தேவைப்படும் இடத்தில், இரண்டே வாக்கியம். வழிகாட்டி என்றால் இப்படி இருக்க வேண்டும்.

ஸ்கேன் செய்த பிடிஎஃபைத் தேடக்கூடியதாக மாற்றும் ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற கருவியின் டாக்கர் படிமமும் உண்டு, அதாவது தேவையானதெல்லாம் ஒன்றாகக் கட்டி வைத்த தயார்ப் பொதி. டெசராக்ட் அதற்குள்ளேயே இருக்கும், ஆனால் சில மொழிகளோடு மட்டும். தமிழ் அதில் இல்லை. அதை ஆவணத்திலேயே வெளிப்படையாகச் சொல்லி, சேர்க்கும் முறையையும் தருகிறார்கள். டாக்கர் தெரிந்தவருக்குப் போதும். தெரியாத வீட்டுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மூலநிரலை இறக்கி நாமே மென்பொருளாகக் கட்டுவதுதான் கடினமான வழி, அங்கேதான் வழிகாட்டியின் அருமையும் தெரியும். நான் ஒருமுறை பழைய மடிக்கணினியில் கட்டினேன். படத்தைத் திறந்து படிப்பது லெப்டோனிகா என்ற வேறொரு நிரலகம், அதை முதலில் கட்ட வேண்டும். பிஎன்ஜி, டிஃப் ஆகிய பட வகைகளுக்கான மேம்பாட்டுப் பொதிகள் கணினியில் இல்லாவிட்டாலும் லெப்டோனிகா முறையிடாது. அந்த வசதிகளை விட்டுவிட்டு அமைதியாகக் கட்டி முடித்துவிடும். பிறகு டெசராக்டையும் கட்டி, நிறுவி, ஒரு பிஎன்ஜி படத்தைக் கொடுக்கும்போதுதான் படிக்கத் தெரியாது என்று வரும். திரும்ப முதலிலிருந்து. கடைசியில், புதிய நிரலகங்களைக் கணினிக்கு அறிமுகம் செய்யும் எல்டிகான்ஃபிக் கட்டளையைக் கொடுக்க மறந்தால், இப்போதுதான் கட்டிய நிரலகத்தையே காணோம் என்று நின்றுவிடும். இவ்வளவுக்கும் பிறகு தமிழ்த் தரவு இன்னும் வந்திருக்காது. அதைத் தனியாக இறக்கி, மொழித் தரவுகள் இருக்கும் டெஸ்டேட்டா கோப்புறையில் வைக்க வேண்டும். நான் பின்பற்றிய குறிப்பில் "தேவையான சார்புகளை நிறுவிக்கொள்ளுங்கள்" என்று ஒரே வரி. எந்தெந்த நிரலகங்கள் என்று சொல்லாத அந்த வரிக்கு நான் கொடுத்த விலை இரண்டு மாலைப்பொழுதுகள்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் பரிந்துரை உபுண்டுவும் ஆப்ட்டும். வின்டோஸை விட முடியாதவர் மான்ஹைம் நிறுவியை எடுத்து, மொழித் திரையில் மட்டும் நிதானமாக நிற்கட்டும். மூலநிரலில் கைவைக்க வேண்டிய தேவை பெரும்பாலோருக்கு வராது.

எந்த வழியானாலும், முடிந்ததும் சோதிக்க ஒரு கட்டளை இருக்கிறது. டெசராக்ட் என்று தட்டி, இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடுகளோடு லிஸ்ட்-லாங்ஸ் என்று கொடுத்தால் அதற்குத் தெரிந்த மொழிகள் வரிசையாக வரும். ஆசிரியரின் கணினியில் முதலில் ஆங்கிலம் மட்டும் இருந்தது. தமிழ்த் தரவுக்கோப்பை இறக்கி டெஸ்டேட்டா கோப்புறையில் போட்டோம். நிர்வாகி அனுமதி கேட்டது, கொடுத்தோம். மறுபடி தட்டியபோது அதே பட்டியலில் டி-ஏ-எம் இருந்தது. மொழியையும் சேர்த்துக் கட்டளை கொடுத்தோம். கவிதையின் முதல் வரி தமிழிலேயே வந்தது, ஓர் இடத்தில் மட்டும் ளகரம் லகரமாகியிருந்தது. ஆசிரியர் அதைத் திருத்திவிட்டு, அச்செடுத்து வைத்திருந்த பழைய வழிகாட்டியைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் ஒவ்வொரு படியாகத் தமிழில் எழுத ஆரம்பித்தார்.