மெகா சிடி, பிசி என்ஜின் சிடி-ராம்: எதை வாங்கலாம்?

சேகாவின் மெகா சிடி, என்ஈசியின் பிசி என்ஜின் சிடி-ராம் ஆகிய பழைய வீடியோ கேம் சிடி இணைப்புக் கருவிகளில் எதை வாங்குவது என்று தடுமாறுபவர்கள் முதலில் வன்பொருளைப் பாருங்கள்.

காலம்: என்ஈசி 1988 டிசம்பரில் முந்திக்கொண்டது, சேகா 1991 டிசம்பரில்தான் வந்தது.

சிப்: வித்தியாசமே இங்கேதான். மெகா சிடிக்குள் 12.5 மெகாஹெர்ட்ஸில் ஓடும் தனி 68000 சிபியு இருக்கிறது, அப்புறம் படத்தைச் சுழற்றவும் பெரிதாக்கவும் ஒரு கிராஃபிக்ஸ் சிப், 8 சேனல் பிசிஎம் (பதிவு செய்த ஒலித்துண்டுகளை இசைக்கும்) ஒலி, எல்லாம் சேர்த்துப் பார்த்தால் இன்னொரு கணினியையே அடியில் வைத்த மாதிரி. என்ஈசி பெட்டியில் கூடுதல் சிபியு கிடையாது, பிசி என்ஜினின் பழைய சிப்பே எல்லா வேலையும் செய்கிறது.

நினைவகம்: சேகாவில் நிரல்களுக்கு மட்டும் 512 கேபி. என்ஈசியில் முதலில் வெறும் 64 கேபி. சூப்பர் சிஸ்டம் கார்டு 3.0 என்ற கூடுதல் நினைவக அட்டையைச் செருகினால் மொத்தம் 256.

நிறம்: சேகா 64ஐத் தாண்டாமல் திணற, என்ஈசி திரையில் 482 வரை காட்டும். எனக்கு இது பெரிய விஷயம், மெகா சிடி வீடியோக்கள் புள்ளி புள்ளியாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேகம்: இரண்டும் நொடிக்கு 150 கேபிதான்.

உழைப்பு: மெகா சிடி முதல் மாடலின் மோட்டார் தட்டு தொல்லை தரும், மேலே மூடி திறக்கும் இரண்டாவது மாடலே நல்லது. என்ஈசி டிரைவில் பிளாஸ்டிக் பற்சக்கரம் விரிசல் விடும், பழுது பார்த்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

ஜப்பானிய வட்டுகளை நாட்டுப் பூட்டு (வேறு நாட்டு வட்டை ஓடவிடாத தடை) இல்லாமல் ஓட்ட வேண்டுமா, என்ஈசி. சுழலும் காட்சிகளும் வன்பொருள் வலுவும் வேண்டுமா, சரி, சேகாவின் இரண்டாவது மாடல்.