எடை குறைந்த பச்சிளங்குழந்தைக்கு எந்த எடைக்கருவி?

தொங்கவிடும் ஸ்பிரிங் தராசில் பெரும்பாலும் கோட்டுக்குக் கோடு 100 கிராம். 2.5 கிலோவுக்குக் கீழே பிறந்த குழந்தைக்கு அது உதவாது. 2 கிலோ குழந்தை நாளொன்றுக்கு 20–30 கிராம் கூடினாலே நல்ல வளர்ச்சி. முதல் சில நாட்களில் எடை இறங்கவும் செய்யும். 5 அல்லது 10 கிராம் வித்தியாசத்தையும் காட்டும் டிஜிட்டல் தட்டுக் கருவிதான் சரி.

கருவியை மெத்தைமேல் வைக்காதீர்கள், எண் தாவும். துணியை விரித்து, துணியின் எடையைக் கழிக்கும் 'டேர்' பொத்தானை அழுத்தி, பூஜ்யம் வந்தபின் குழந்தையைக் கிடத்துங்கள். டயப்பரைக் கழற்றிவிடுங்கள், ஈர டயப்பர் ஒரு நாள் வளர்ச்சியையே பொய்யாக்கும். தோலடிக் கொழுப்பு குறைவென்பதால் உடம்பு சட்டென்று குளிரும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரே நிமிடத்தில் முடியுங்கள். அசையும்போதும் எண்ணைப் பிடித்துவைக்கும் 'ஹோல்டு' வசதி அவசியம். புளூடூத் செயலி வீண்செலவு. நோட்டும் பேனாவும் போதும்.

மாதமொருமுறை 1 கிலோ எடைக்கல்லை வைத்துச் சரிபாருங்கள்.