சபாத் அன்று கார் சாவியைத் தொடலாமா?

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் யூதர்களுக்கு சபாத் தொடங்கிவிடும். சனிக்கிழமை இருட்டி நட்சத்திரம் தெரிகிறவரை ஓய்வு. இதுவரை அமெரிக்க யூதர்களின் மூன்று பெரிய பிரிவுகளான ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேடிவ், ரிஃபார்ம் மூன்றுக்கும் ஒரே பேச்சுதான். எதெல்லாம் ‘வேலை’ என்று கேட்கும்போதுதான் வழி பிரிகிறது.

ஆர்த்தடாக்ஸ் வீட்டில், யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்லும் 39 வகை வேலைகளும் இன்றைக்கும் தடைதான். விதைப்பது, நெய்வது, எழுதுவது, நெருப்பு மூட்டுவது எல்லாம் அதில் வரும். காரை ஸ்டார்ட் செய்தால் எஞ்சினுக்குள் நெருப்பு பற்றுகிறது, அதனால் கார் கூடாது. மின் சுவிட்சையும் தொடமாட்டார்கள். அதற்காக இருட்டில் உட்கார்ந்திருப்பதில்லை, விளக்குகளுக்கு முன்கூட்டியே டைமர் வைத்துவிடுவார்கள். இறைச்சி, பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு போட்ட சோலெண்ட் வெள்ளி மாலையே அடுப்பேறி, இரவெல்லாம் மெல்லிய சூட்டில் கிடக்கும். சனி மதியம் மூடியைத் திறந்தால் கிழங்கு பழுப்பேறி, கரண்டி பட்டதுமே உடையும். வெளியில் பொருளைத் தூக்கிச் செல்வதும் கூடாது என்பதால், கம்பங்களில் கம்பி இழுத்துக் குடியிருப்பைச் சுற்றி ‘ஏரூவ்’ என்ற எல்லையை அமைக்கிறார்கள், அதற்குள் தூக்கிச் செல்லலாம். கம்பி அறுந்துபோன வாரம் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தெருவுக்குப் போகக்கூட வழியில்லை. ஆனால் ஒருவர் உயிருக்கு ஆபத்து என்றால் இந்த வீட்டிலும் கார் சாவியை எடுத்தே ஆக வேண்டும், அது கடமை.

கன்சர்வேடிவ் பிரிவும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதுதான். ஆனால் காலத்தைப் பார்த்துச் சட்டத்துக்குப் பொருள் சொல்லும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பலர் புறநகர்களுக்குக் குடிபோனார்கள், ஜெப ஆலயம் நடக்கிற தூரத்தில் இல்லை. 1950இல் அவர்களது சட்டக் குழுவில் பெரும்பான்மையினர், வழிபாட்டுக்கு மட்டும் காரில் வரலாம், விளக்கும் போடலாம் என்றார்கள். இஸ்ரேலில் உள்ள இதே பிரிவின் ரப்பிகள் (யூத மதகுருக்கள்) கார் விஷயத்தை ஏற்கவில்லை.

ரிஃபார்ம் பிரிவில் முடிவு அவரவர் கையில். 1885இல் பிட்ஸ்பர்க்கில் கூடிய ரப்பிகள் உணவு, உடை பற்றிய பழைய விதிகளை வேண்டாம் என்றார்கள். 1999இல் அதே ஊரில் கூடியவர்கள், கட்டளைகளை மறுபடி படித்துப் பாருங்கள் என்றார்கள். மெழுகுவர்த்தி ஏற்றி, திராட்சை ரசத்தை ஆசீர்வதித்துவிட்டு, மறுநாள் காரில் கடற்கரைக்குப் போகிற குடும்பங்கள் இங்கே உண்டு.

என்னைக் கேட்டால், 1950 தீர்ப்பு நல்ல மனதோடு செய்த தவறு. கார் கூடாது என்பதால்தான் ஆர்த்தடாக்ஸ் குடும்பங்கள் ஜெப ஆலயத்தைச் சுற்றியே வீடு பார்க்கின்றன. சனி மதியம் ஒருவர் வீட்டு மேசையில் இன்னொருவர் சாப்பிடுகிறார். அந்த நெருக்கம் கார் வந்தால் கரைந்துவிடும்.

சரி, அப்படியானால் ஆர்த்தடாக்ஸ்தான் சிறந்ததா? பெண்கள் விஷயத்தில் என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. ரிஃபார்ம் பிரிவு 1972இல் சாலி பிரீசாண்டை ரப்பியாக்கியது, கன்சர்வேடிவ் பிரிவு 1985இல் ஏமி ஐல்பெர்க்கை. ஆர்த்தடாக்ஸ் ஆலயத்தில் பொது வழிபாடு தொடங்கப் பத்து ஆண்கள் வேண்டும். ஒன்பது ஆண்கள் இருந்து, ஆண்களையும் பெண்களையும் பிரிக்கிற தடுப்புக்கு அந்தப் பக்கம் இருபது பெண்கள் உட்கார்ந்திருந்தாலும், பத்தாவது ஆணுக்காகக் காத்திருப்பார்கள்.