மயோ இல்லாமல் ஒரு சாண்ட்விச்

இந்தத் தடவை ஊருக்குப் போனதில் நினைத்த வேலை எல்லாம் முடிந்தது. மத்தியானம் சென்னையில் வந்தே பாரத் ஏறி, ராத்திரி திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கியாச்சு. பேங்க் வேலை, பட்டா வேலை எதிலும் சிக்கல் இல்லை. அதையெல்லாம் எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் பக்கம் திறந்திருக்கும் சாண்ட்விச், பீட்சா கடையைப் பற்றி.

முன்னே வாடகை சைக்கிள் கடை இருந்த இடம். இப்போது கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்க மெனு. சாயங்காலமானால் காலேஜ் பிள்ளைகள் கூட்டம். பாளையில் பள்ளிக்கூடத்துக்கும் காலேஜுக்கும் குறைவில்லை, அதனால் வியாபாரத்துக்கும் குறைவில்லை. அம்மா கோயிலுக்குப் போகும்போதெல்லாம் இதைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறாள். "அதுல என்னதான் விக்காவ, ஒரு நாள் போய்ப் பாப்பமா?" என்று அவளே கேட்டதால் கூட்டிப் போனேன். அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. எங்கள் வீட்டில் ரொட்டி என்றால் காய்ச்சல் வந்தால் பாலில் நனைத்துத் தின்பது. எழுபது வயதுக்கு மேல் ஒரு சாண்ட்விச் சாப்பிட ஆசைப்பட்டாள், அவ்வளவுதான் விஷயம்.

மெனுவில் சைவச் சாண்ட்விச்சில் எதை எடுத்தாலும் மயோ இருந்தது. மயோ என்றால் மயோனைஸ், வழக்கமாக முட்டையும் எண்ணெயும் அடித்துச் செய்கிற வெள்ளைச் சாஸ். நான் கவுண்டரில் போய், "ஒரு வெஜ் சாண்ட்விச் தம்பி, மயோ வேண்டாம்" என்றேன்.

பில் போடுகிற பையன் திரையைப் பார்த்துவிட்டு, "அப்படி இல்ல சார்" என்றான்.

"எப்படி இல்ல?"

"மயோ இல்லாம வராது சார்."

"போடாம விட்டாப் போதுமே."

"மெனுல இருக்க மாதிரிதான் சார் பில்லு வரும்."

சரி, முட்டை இல்லாத மயோவாக இருந்தால் அம்மா கொஞ்சம் சாப்பிட்டுப் பார்க்கட்டும் என்று, "முட்டை சேர்த்ததா?" என்று கேட்டேன். "எக்லெஸ்தான் சார்" என்றான். பாக்கெட்டைக் காட்டச் சொன்னேன். "அது உள்ள இருக்கு சார்." எடுத்து வரச் சொன்னேன். "உள்ள வேலை நடக்கு சார்." எனக்குப் பின்னால் வரிசை நீண்டுவிட்டது. அம்மா முன்னால் வந்து, "எய்யா, ரெண்டு துண்டு வெள்ளரிக்கா, ரெண்டு துண்டு தக்காளி. அதை ரொட்டிக்கு நடுவுல வச்சுத் தந்தாப் போதும்யா" என்றாள். "சிஸ்டத்துல அது வராது பாட்டி" என்றான் பையன்.

பையன் ஒரு வார்த்தை மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. கோபப்பட ஆள் இல்லை, பதிலும் இல்லை. கால் மணி நேரம் அப்படியே நின்றோம்.

முட்டை பற்றி நான் கேட்டது வம்புக்காக அல்ல. பச்சை முட்டையில் செய்த மயோனைஸை 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழக அரசே தடை செய்தது. சரியாகப் பக்குவம் செய்யாமல் சரியாக வைக்காமல் போனால் கிருமி வரும், ஆளைப் படுக்கப் போட்டுவிடும் என்றுதான் தடை. அதனால் எது முட்டை மயோ, எது இல்லை என்று கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை இருக்கிறது, சொல்லக் கடைக்குக் கடமை இருக்கிறது. பாக்கெட்டில் பச்சை வட்டம் இருந்தால் சைவம். அதைக் காட்ட எத்தனை விநாடி ஆகும்? பில்லின் மேல் உணவுப் பாதுகாப்பு உரிம எண் 14 இலக்கத்தில் ஒழுங்காக அச்சாகி வருகிறது. சாண்ட்விச்சுக்குள் என்ன இருக்கிறது என்பது மட்டும் வரவில்லை.

நான் இருக்கும் நியூஜெர்சியில் தெருவுக்கு ஒரு சப் கடை, அதாவது நீள ரொட்டி சாண்ட்விச் கடை, உண்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர் ஒவ்வொன்றாகக் கேட்பார். எந்த ரொட்டி, எந்தச் சீஸ், வெங்காயம் போடலாமா, எண்ணெயும் வினிகரும் விடலாமா, மிளகாய் வேண்டுமா? நாம் தலையாட்டத் தலையாட்ட நம் கண்ணெதிரே சாண்ட்விச் உருவாகும். மயோ வேண்டாம் என்றால் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். பீட்சாவிலும் பாதிக்கு ஒன்று, மீதிப் பாதிக்கு வேறொன்று என்று கேட்டால் யாரும் முகத்தைச் சுளிக்க மாட்டார்கள். கடைசியில் டிப்ஸ் கேட்டு ஒரு திரையை நம் பக்கம் திருப்புவார்கள், அது எனக்குப் பிடிக்காது. அந்தத் தொல்லை நம்மூரில் இல்லை, அந்தமட்டும் சந்தோஷம்.

ஆனால் கேட்டுக் கேட்டுச் செய்து தருவதை நான் அமெரிக்காவில் கற்றுக்கொள்ளவில்லை. இதே திருநெல்வேலியில்தான் கற்றேன். ஜங்ஷனில் டீக்கடை மாஸ்டர் முன்னால் பத்துப் பேர் நிற்பார்கள். ஒருத்தருக்கு ஸ்ட்ராங், ஒருத்தருக்கு லைட், ஒருத்தருக்குச் சர்க்கரை கம்மி, ஒருத்தருக்கு ஆத்தாமல், ஒருத்தருக்குப் பால் மட்டும். ஒன்றையும் எழுதிக்கொள்ள மாட்டார், ஒன்றும் மாறிப் போகாது. டவுனில் ரதவீதிப் பக்கம் ஓட்டலில் உட்கார்ந்தால் சப்ளையர் அண்ணாச்சி, "ஒரு ரோஸ்ட், முறுகலா, எண்ணெய் கம்மி" என்று உள்ளே குரல் கொடுப்பார், அப்படியே வந்து சேரும். ராத்திரிப் பரோட்டாக் கடையில் சால்னாவை மேலே ஊற்றவா, தனியாத் தரவா என்று கேட்காமல் தட்டு வராது. வயிறு சரியில்லை என்றால் காரம் தொடாமல் ஆம்லேட் போட்டுத் தருவார்கள். அந்த ஊரில் எங்கள் தெருவில் எங்கள் அம்மாவிடம் ஒரு பையன், "சிஸ்டத்துல வராது" என்கிறான். எனக்கு மனசு ஆறவில்லை. இப்போது எழுதும்போதும் ஆறவில்லை.

அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். உள்ளே அடுப்படியில் நின்ற அக்கா ஒருத்தர் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து அம்மாவைப் பார்த்து, "அது ஒண்ணுமில்லம்மா. காயெல்லாம் நறுக்கி மத்தியானமே மயோவுல கலந்து வச்சிருவோம். அதுல இருந்து பிரிச்சு எடுக்க முடியாதுல்லா, அதான்" என்றார்.

ஒரே வரி. எல்லாம் விளங்கிவிட்டது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நாங்கள் பீட்சாவோ ஜூஸோ வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்திருப்போம். பையனுக்கே அது தெரியுமோ என்னவோ, அவனுக்கு அந்தத் திரையைத் தவிர வேறு எதையும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அக்கா அதோடு விடவில்லை. "வெள்ளரிக்கா முழுசா இருக்கு, தக்காளி இருக்கு, புதினாச் சட்னி இருக்கு. வெண்ணெய் தடவிச் சுட்டுத் தாறேன், இருங்கம்மா" என்று சொல்லிவிட்டு, நான் மறுபடி கேட்காமலே மயோ பாக்கெட்டையும் கொண்டுவந்து காட்டினார். பச்சை வட்டம் இருந்தது. அவர் வைத்துத் தந்த சாண்ட்விச் மெனுவில் இல்லாதது. ஓரம் கருகாமல், நடுவில் வெண்ணெய் ஊறி, வெள்ளரிக்காயின் குளிர்ச்சியும் சட்னியின் காரமும் தனித்தனியாகத் தெரிந்தது. நியூஜெர்சியில் இதைப்போல இரண்டு மடங்கு பெரிய ரொட்டிக்குள் நான் தின்னாத காய் இல்லை. ருசியில் இது அவற்றுக்குக் குறைந்ததில்லை. அம்மா ஒரு துண்டு மிச்சம் வைக்கவில்லை. பில் என்னவோ மயோ சாண்ட்விச் என்றுதான் வந்தது, அதே விலைக்கு.

தங்கச்சி பிள்ளைகளுக்கு வாங்கின பீட்சாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். சோளம், பன்னீர், குடைமிளகாய், தித்திப்பான சாஸ். பிள்ளைகள் சண்டை போட்டுத் தின்றார்கள். அடிப் பேஸ் வெளியிலிருந்து ரெடிமேடாக வருவது, ரஸ்க் மாதிரி இருந்தது. பரோட்டாவுக்கு மைதா பிசைந்து, எண்ணெய் விட்டு ஊறப்போட்டு, வீசி அடிக்கத் தெரிந்த மாஸ்டர்கள் இத்தனை பேர் இருக்கிற ஊர் இது. அந்தக் கைக்கு பீட்சா மாவைப் புளிக்க வைத்து விரிப்பது ஒரு பெரிய வேலையா? அப்படி ஒருவரைக் கடைக்காரர் கூட்டி வந்து உட்கார வைத்தால், இங்கே வரும் பிள்ளைகளுக்கு உண்மையான பீட்சாவே கிடைக்கும்.

கிளம்பும்போது முதலாளி வந்துவிட்டார், முப்பது வயதுகூட இருக்காது. நடந்ததைப் பொறுமையாகச் சொன்னேன். அவரும் பொறுமையாகக் கேட்டார். சாயங்காலம் கூட்டம் ஒரே நேரத்தில் வருகிறது, உள்ளே ஆள் ஒருத்தர்தான், ஒவ்வொருத்தருக்கும் நறுக்கிக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது என்றார். நியாயம்தான். எல்லாவற்றையும் கலக்காமல் நறுக்கின காயில் ஒரு டப்பா மட்டும் தனியாக எடுத்து வையுங்கள், மெனுவில் 'மயோ கலந்தது' என்று ஒரு வரி போடுங்கள், கவுண்டரில் இருக்கும் தம்பியை ஒரு நாள் அடுப்படியில் நிற்க வையுங்கள் என்று சொன்னேன். சர்க்கரை, கொழுப்பு என்று எண்ணெய்ப் பண்டத்தை ஒதுக்கச் சொல்லி டாக்டர் சொன்னவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள், அவர்களும் பேரப் பிள்ளைகளோடு இங்கே வந்து உட்கார வேண்டாமா என்றும் கேட்டேன்.

"வைக்கலாம் அண்ணாச்சி, நாலு பேரு கேட்டா வச்சிரலாம்" என்றார்.

ஆகவே பாளைக்குப் போகிறவர்கள், பாளையிலேயே இருப்பவர்கள், எந்தச் சாண்ட்விச் கடைக்குப் போனாலும் தயவுசெய்து கேளுங்கள். மயோ கலக்காத காய் இருக்கிறதா, பாக்கெட்டைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். கவுண்டரில் பதில் வராவிட்டால் அடுப்படியில் இருப்பவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கடை திறந்த உடனே நாலு மணி வாக்கில் போனால் கூட்டம் இருக்காது, நின்று பேசுவார்கள். அம்மா அடுத்த வெள்ளிக்கிழமையே போய்வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.