ஆளைக் கொல்லும் புலியை, ஊருக்குள் வரும் யானையைச் சுடுவதா, பிடித்து வேறு காட்டில் விடுவதா?

நீலகிரி சுட்டதையும் பார்த்துவிட்டது, உயிரோடு பிடித்ததையும் பார்த்துவிட்டது. 2014 ஜனவரியில் தொட்டபெட்டா பக்கம் மூன்று பேரைக் கொன்ற புலியைச் சுட்டார்கள். 2021-ல் கூடலூர், மசினகுடியைக் கலங்கடித்த, டி23 என்று வனத்துறை எண்ணிட்ட புலிக்கும் சுடும் உத்தரவு வந்தது. உயிரோடு பிடிக்கப் பாருங்கள் என்றது சென்னை உயர் நீதிமன்றம். சுமார் மூன்று வாரத் தேடலுக்குப் பிறகு அக்டோபர் 15-ல் மயக்க ஊசி போட்டுப் பிடித்து மைசூருக்குக் கொண்டுபோனார்கள்.

புலி பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அது காட்டுக்குத் திரும்பவில்லை, அடைப்புக்குத்தான் போனது. தேடல் நடந்த அத்தனை நாளும் மாடு மேய்ப்பவரும் தேயிலை பறிப்பவரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். அந்தக் கணக்கையும் சேர்த்தே பேச வேண்டும்.

பிடித்து வேறு காட்டில் விடுவது கேட்க நன்றாக இருக்கும். நடப்பது வேறு. 2019 ஜனவரியில் கோவை தடாகம் பகுதியில் பிடித்த சின்னத்தம்பி யானையை டாப்சிலிப் அருகே வரகளியாறில் விட்டார்கள். சில நாளிலேயே மலையிறங்கி உடுமலை, மடத்துக்குளம் பக்கம் கரும்புத் தோட்டங்களுக்குள் வந்து நின்றது. பிப்ரவரியில் மறுபடி பிடித்து மரக்கூண்டில் அடைத்தார்கள். 2023-ல் கேரளாவின் சின்னக்கானலிலிருந்து பெரியாறு காட்டுக்கு மாற்றிய அரிக்கொம்பன் யானை, ஒரே மாதத்தில் கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது. அதுவரை அந்த யானையை அறியாத ஊர் அது. அங்கும் ஒரு உயிர் போனது.

சிறுத்தையிலும் இதே கதை. மகாராஷ்டிராவின் ஜுன்னர் பகுதியில் சிறுத்தைகளைப் பிடித்துக் காடுகளில் விட்ட காலத்தில் மனிதர்கள் மீதான தாக்குதல் கூடியது. காலியான இடத்துக்கு இன்னொரு சிறுத்தை வந்துவிடும். விடப்பட்டதோ பழக்கமில்லாத இடத்தில் அலையும்.

வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி, பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ முடியாத நிலையில்தான் புலியைக் கொல்ல உத்தரவிடலாம். இதில் பிடிப்பது சரி, வேறு காட்டில் விடுவதைத்தான் நான் ஏற்கவில்லை. ஆளைக் கொன்று பழகிய புலியைப் பிடித்தால் அடைப்பிலேயே வைக்க வேண்டும். பிடிபடாமல் அடுத்த உயிரும் போகும் என்றால் சுடத் தயங்கக் கூடாது.

யானைக்கு இரண்டுமே வேண்டாம். வால்பாறையில் யானை நிற்கும் இடத்தைக் குறுஞ்செய்தியில் சொல்கிறார்கள். தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி சிவப்பு விளக்கும் எரிகிறது. விளக்கைப் பார்த்தவர் அந்தப் பாதையில் போவதில்லை. லாரிக்கும் கும்கிக்கும் செலவழிக்கும் பணத்தை முதலில் இதில் போடலாம்.